வெறும் பிடி வரைந்த கண்ணி

முடியாது என்று சொல்லிவிடுவேன். துறைக்கூட்டம் முடிந்து, நனைந்த குடையைக் கதவோரம் சாத்திவிட்டு, கோமதிநாயகம் சார் இந்த ஆய்வகத்திற்குள் நுழைந்து, “என்ன டீச்சர், அனுப்பிடலாமா?” என்று கேட்கும்போது, முடியாது சார், சுடர்க்கொடி என்ற பெயரைத் தாங்கி அந்தக் கட்டுரை ஆய்விதழுக்குப் போகாது என்று சொல்லிவிடுவேன். குரல் நடுங்காமல் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்தவளுக்குக் குரல் நடுங்கலாமா? நடுங்கும். எதிரே நிற்கப்போகிறவர் மாணவர் அல்லர். என் ஆய்வு நெறியாளர். வயதில் என்னைவிட இளையவர், பதவியில் மூத்தவர், ஆகவே நான் அவரைச் சார் என்கிறேன், அவர் என்னை டீச்சர் என்கிறார். அந்த டீச்சரில் பாதி மரியாதை, மீதி கிண்டல். கட்டுரை வெளிவந்தால்தான் ஆய்வேட்டை ஒப்படைக்க முடியும். பள்ளிக் கல்வித்துறை கொடுத்த ஆய்வு விடுப்பு இந்த மாதத்தோடு முடிகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொல்லப்போகிறேன். வெளியே ஐப்பசி மழை நிதானமாகப் பெய்கிறது. சன்னல் கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல் ஈரம் படர்ந்திருக்கிறது. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் பழுதாகி மூலையில் நிற்கிறது. ஈரம், ஆம், ஈரம்தான் இத்தனைக்கும் காரணமாக இருக்குமோ, அல்லது நானே காரணமோ, கண் மங்கிய வயதில் கண்ணுக்குத் தெரியாத அடுக்குகளுக்குள் தலையை நுழைத்தவள்? இல்லை. தேர்வுக்குழுவில் ஒருவர் கேட்டாரே, “இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்?” என்று. அன்றைக்குச் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். இன்றைக்குச் சிரிக்க மாட்டேன்.

படிகம் மேசைமேல் ஒரு கண்ணாடிச் சில்லில் கிடக்கிறது. வெளிர்மஞ்சள் நிறம், நகத்துணுக்கு அளவு, அப்பிரகத்தைப்போல ஏடு ஏடாக உரியும். ஈயமும் புரோமினும் சேர்ந்த ஓர் ஏடு, அதன்மேல் கரிம மூலக்கூறுகளின் அடுக்கு, மறுபடி ஈயப் புரோமைடு, மறுபடி கரிமம். அடுக்கு ஹாலைடு பெரோவ்ஸ்கைட் என்று பெயர். என் வீட்டுக்காரர் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்து இரண்டு முறை தடுக்கி விழுந்து, “ஏதோ ரஷ்யப் பலகாரம் மாதிரி இருக்கு” என்றார். இதை வளர்த்தது நான்தான். கொதிக்கும் அமிலக் கரைசலை மெதுவாக, மிக மெதுவாகக் குளிரவைத்தால்தான் படிகம் பெரிதாகும். அதற்கான கருவி மின்வெட்டில் நின்றுவிடும். ஆகவே இட்லி வைக்கும் ஹாட்பாக்ஸுக்குள் வெந்நீர் ஊற்றி, அதற்குள் குப்பியை இறக்கி, மேலே என் கம்பளிச் சால்வையைச் சுற்றிவைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். காலையில் மூடியைத் திறந்தபோது அடியில் மஞ்சள் ஏடுகள் மினுங்கின. சிரித்தவர்களே குனிந்து பார்த்தார்கள். இந்தப் படிகத்துக்குள் கரிம மூலக்கூறுகள் எல்லாம் ஒரே பக்கம் முகம் காட்டி நிற்கின்றன என்பது எங்கள் ஊகம். ஒவ்வொன்றும் ஒரு முனை நேர்மின்னாகவும் மறுமுனை எதிர்மின்னாகவும் இருப்பவை. வெளியிலிருந்து மின்புலத்தைத் திருப்பினால் அவையும் திரும்ப வேண்டும். மின்புலத்தை எடுத்துவிட்ட பிறகும் திரும்பிய திசையிலேயே நிற்க வேண்டும். அதுதான் ஃபெர்ரோமின் தன்மை. நின்றதற்கு அடையாளமாகக் கணினித் திரையில் கோடு போன வழியே திரும்பி வராமல், விலகி வந்து ஒரு கண்ணியாக மூடிக்கொள்ளும். ஆனால் இந்தப் படிகத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஏட்டின் குறுக்கே மின்சாரம் எளிதில் பாயாது, கரிம அடுக்குகள் தடுக்கும். ஏட்டின் நெடுக்கே பாயும். மூலக்கூறுகள் முகம் காட்டி நிற்பதும் அதே நெடுக்கே. திரும்புகிறதா, கசிகிறதா? இரண்டும் ஒரே கம்பி வழியாக வெளியே வருகின்றன. வந்த பிறகு இரண்டுக்கும் ஒரே முகம்.

கண்ணி மெலிந்துதான் இருந்தது, முதலில். சில மாதங்களுக்கு முன்பு எடுத்த கண்ணிகள் எல்லாம் நூல்போல. இருக்கிறதா இல்லையா என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. சார் உதட்டைப் பிதுக்கினார், இணைப்புச் சரியில்லை என்றார். பிறகு ஆயுத பூசை வந்தது, மழை வந்தது, கண்ணி பருத்தது. பருத்தது என்றால் அப்படியொரு பருமன். “பாத்தீங்களா டீச்சர், பூஜை போட்ட பிறகுதான் நம்ம படிகத்துக்குப் புத்தி வந்திருக்கு” என்று சார் கைகளைத் தேய்த்துக்கொண்டார். நானும் மகிழ்ந்தேன், மகிழவில்லை என்றால் பொய். ஆனால் நுனி உருண்டிருந்தது. நல்ல கண்ணியின் நுனி கூராக முடியும். திரும்ப வேண்டியவை எல்லாம் திரும்பி முடிந்துவிட்டன, இனிமேல் திரும்ப ஆளில்லை என்பதன் அடையாளம் அது. இது முட்டைபோல் உருண்டிருந்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். நேற்று ஒரு படிகம் என் கையிலேயே பாதியாக முறிந்துவிட்டது; முறிந்த பாதியை வைத்து அளந்தேன்; முழுப் படிகம் தந்த அதே மின்னூட்டம், அதே பருமன். எப்படி? பாதி வகுப்பு வராத நாளில் முழு வகுப்பின் இரைச்சல் கேட்டால் நான் என்ன நினைப்பேன்? சத்தம் பக்கத்து வகுப்பிலிருந்து வருகிறது என்றுதானே? சாரிடம் சொன்னேன். “டீச்சர், நீங்க இன்னும் பேப்பர் திருத்துற மேசையிலேயே உட்கார்ந்திருக்கீங்க. எங்க மார்க்கைக் குறைக்கலாம்னே பாக்குறீங்க” என்றார். ஹசீனா சிரித்தாள். இவள் என்னோடு ஆய்வு செய்பவள், வயதில் என் மகளாக இருக்கலாம், என்னை அக்கா என்பாள். இப்போது அவள்தான் என் பக்கத்தில் நின்று, படிகத்தை வைக்கும் பிடியிலிருந்து அந்தப் பாதிப் படிகத்தை நான் கழற்றுவதைப் பார்த்து, “அக்கா, படிகமே இல்லாம எதை அளக்கப் போறீங்க?” என்கிறாள். வெறும் பிடியை. இந்த ஆய்வகத்தில் வெறும் பிடியை யாரும் அளந்ததில்லை, கருவி வாங்கிய நாளைத் தவிர. ஒன்றுமில்லாததை அளப்பதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது? எனக்கு இருக்கிறது. மாலைக்குள் கட்டுரை போக வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போன இந்தப் பிற்பகல் முழுவதும் எனக்கு இருக்கிறது.

விசையை அழுத்துகிறேன். மின்புலம் மெல்ல ஏறுகிறது. திரையில் பச்சைப் புள்ளி வலப்பக்கம் நகர்கிறது. கிடைமட்டமாகவே போ, ஏறாதே, நீ ஏறினால் நான் செய்ததெல்லாம் வீண். இல்லை, ஏறு, ஏறினால்தான் நான் சந்தேகப்பட்டது சரி. எதை வேண்டுகிறேன்? புள்ளி ஏறுகிறது. ஏறி, வளைந்து, இறங்கி, இடப்பக்கம் சென்று, அடியில் உருண்டு, மேலே வந்து மூடிக்கொள்கிறது. கண்ணி. பருத்த, உருண்ட, அழகான கண்ணி. பிடியில் ஒன்றுமே இல்லை. ஹசீனா வாயைப் பொத்திக்கொண்டு, “அக்கா, காத்துக்கே ஃபெர்ரோமின் தன்மை இருக்கு போல! நோபல் பரிசு நமக்குத்தான்” என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்துகிறாள். நான் பிடியைக் கழற்றிச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகிறேன். மின்சாரம் கடத்தாத வெள்ளை டெஃப்லான் கட்டை. அதில் இரண்டு பித்தளை ஊசிகள். படிகம் அந்த இரண்டுக்கும் நடுவே உட்காரும். உருப்பெருக்காடியைப் பிடித்துப் பார்க்கிறேன். இரண்டு ஊசிகளுக்கும் நடுவில், சரியாக நடுவில், ஒரு மங்கலான மஞ்சள் வட்டம், அதற்குள் மெல்லிய சிவப்பு. முகர்கிறேன். சந்தனம். பூசையன்று கோமதிநாயகம் சார் வெள்ளை வேட்டியில் வந்து, ஊரிலிருந்து அவருடைய தாயார் அரைத்துக் கொடுத்தனுப்பிய சந்தனத்தைக் கிண்ணத்தில் ஏந்தி, ஒவ்வொரு கருவிக்கும் பொட்டு வைத்தார். கணினிக்கு, தராசுக்கு, உலைக்கு. கடைசியில், “இதுதானே டீச்சர் நமக்குச் சோறு போடப்போகுது” என்று இந்தப் பிடிக்கும் வைத்தார், நெற்றியின் நடுவில் வைப்பதுபோல் நடுவில் வைத்தார், அதன்மேல் குங்குமமும் வைத்தார். பிறகு எல்லாரும் பொரிகடலை தின்றோம். காய்ந்ததை யாரோ சுரண்டிவிட்டார்கள், கறை மட்டும் நின்றுவிட்டது. குங்குமத்தில் சுண்ணாம்பு இருக்கும்; மழைக்காற்றின் ஈரத்தை அந்தக் கறை உறிஞ்சிக்கொள்ளும்; ஈரமான சுண்ணாம்பு மின்சாரத்தைக் கடத்தும். இத்தனை வாரங்களாக நாங்கள் அளந்தது படிகத்தை அன்று. அந்தப் பொட்டை.

துடைக்கலாமா? பஞ்சும் சாராயக் கரைசலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, கை போகவில்லை. துடைத்தால் பருத்த கண்ணி போய்விடும். போகட்டும், அது பொய். ஆனால் போன பிறகு என்ன மிஞ்சும்? முன்பு எடுத்த நூல்போன்ற கண்ணிகளும் வேறேதோ ஈரமாக, வேறேதோ அழுக்காக இருந்தால்? படிகத்துக்குள் எதுவுமே திரும்பவில்லை என்றால்? ஹாட்பாக்ஸும் சால்வையும் அமிலப் புகையில் எரிந்த கண்களும் ஈயம் தொட்ட விரல்களைச் சோற்றுக்கு முன்னால் மும்முறை கழுவிய இத்தனை நாள்களும், வெறும் மஞ்சள் ஏடுகளுக்காகவா? ஒருவரும் கேட்க மாட்டார்கள், சுடர்க்கொடி. பிடியை மாட்டு, படிகத்தை வை, சார் வந்ததும் அனுப்பு. யாரோ எங்கோ படிப்பார்கள், படித்து மறப்பார்கள். அப்படித்தானே எல்லாரும்? எல்லாருமா? தனிஊசல் செய்முறைத் தேர்வில் வகுப்பே ஒரே விடையை எழுதியது, ஒன்பது புள்ளி எட்டு, ஒன்பது புள்ளி எட்டு, பாடநூலில் உள்ள விடை. பவளக்கொடி என்றொரு பெண் மட்டும் ஒன்பது புள்ளி இரண்டு என்று எழுதிவிட்டு என் முன்னால் நின்றாள். “தப்பா வந்திருக்கு டீச்சர், ஆனா எனக்கு இதுதான் வந்துச்சு.” அவளுக்குத்தான் முழு மதிப்பெண் போட்டேன். தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டார், மற்ற பிள்ளைகளின் பெற்றோர் வந்து கேட்டார்கள், நான் ஒரு மதிப்பெண்கூட மாற்றவில்லை. அந்தப் பெண் அதை மறந்திருக்கலாம். நான் மறப்பதற்கில்லை. அன்று அவளுக்கு எதிரே உட்கார்ந்து அந்த எண்ணை எழுதிய கை இதுதான். இந்தக் கையால் இன்று ஒரு சந்தனப் பொட்டைப் படிகம் என்று எழுத முடியாது. அச்சமாக இருக்கிறதா? இருக்கிறது. இருக்கட்டும், அச்சத்தோடேயே துடைக்கலாம். துடைக்கிறேன். பஞ்சு மஞ்சளாகிறது, இன்னொரு பஞ்சு, இன்னொன்று. ஹசீனா விளக்கை அருகில் இழுத்து வைக்கிறாள், சூடான காற்றை ஊதிக் கட்டையை உலர்த்துகிறாள்.

வெறும் பிடி மறுபடியும். புள்ளி வலப்பக்கம் போகிறது, வந்த வழியே திரும்புகிறது, இடப்பக்கம் போகிறது, திரும்புகிறது. தட்டையான ஒற்றைக் கோடு. ஒன்றுமில்லாததற்கு ஒன்றுமில்லாத கோடு. இத்தனை ஒழுங்கான ஒன்றை இந்தத் திரை பல வாரங்களாக வரைந்ததில்லை. இப்போது முழுப் படிகம் ஒன்றை வைக்கிறேன். மின்தொடர்புக்கான வெள்ளிப் பசையை இரண்டு ஓரங்களிலும் தொட்டு வைக்கிறேன். கண்ணி வேண்டாம், கண்ணி ஏமாற்றும். துடிப்புகளைக் கொடுத்துப் பார்க்கலாம். ஒரே திசையில் இரண்டு துடிப்புகள், ஒன்றன்பின் ஒன்றாக. காலை வணக்கத்தில் உடற்பயிற்சி ஆசிரியர், எல்லாரும் கிழக்கே பாருங்கள் என்பார். வரிசை முழுவதும் திரும்பும். உடனே மறுபடியும், கிழக்கே பாருங்கள் என்றால்? ஏற்கெனவே கிழக்கே பார்ப்பவர்கள் அசைய மாட்டார்கள். அப்போதும் அசைவு தெரிந்தால் அது திரும்பல் அன்று, சும்மா நெளிவது. முதல் துடிப்பில் வருவது திரும்பலும் கசிவும். இரண்டாம் துடிப்பில் வருவது கசிவு மட்டும். இரண்டும் சமமாக இருந்தால் படிகம் ஒன்றுமில்லை. சமமாக இருந்துவிடாதே என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. என் தகப்பனார் எனக்கு வேண்டுதல் சொல்லித்தரவில்லை, சுடர்க்கொடி என்று பெயர் மட்டும் வைத்தார். முதல் துடிப்பு: ஒரு சிறு மேடு. இரண்டாவது: அதைவிடச் சிறு மேடு. கழிக்கிறேன். மீதி இருக்கிறது. துளி, மெய்யாகவே துளி, கட்டுரையில் நாங்கள் எழுதியதோடு ஒப்பிட்டால் பானையின் முன்னால் கரண்டி. எதிர்த்திசையில் கொடுத்துப் பார்க்கிறேன். அங்கும் அதே மீதி. வேறொரு சிறிய படிகம், அங்கும் இருக்கிறது, படிகத்தின் அளவுக்கு ஏற்பக் குறைந்து. அளவுக்கு ஏற்பக் குறைகிறது! “ஹசீனா, பார்த்தாயா, சிறியதற்குச் சிறியது” என்கிறேன். “உங்க குரல் ஏன்க்கா இப்படி உடையுது?” என்கிறாள். உடையவில்லை. மழைக்காற்று.

கதவு திறந்தது. குடை, செருப்பின் ஈரச் சத்தம், சந்தன வாசனையில்லாத இன்றைய கோமதிநாயகம் சார், வாரக் கடைசியில் பதவி உயர்வு நேர்காணலுக்குப் போக வேண்டியவர். திரையில் நான் பிற்பகலில் முதலில் எடுத்த கண்ணியைத் திறந்து வைத்திருந்தேன். அவர் குனிந்து பார்த்தார், முகம் மலர்ந்தது. “அடேயப்பா! இதுதான் டீச்சர் இருக்கறதுலயே நல்லது. எந்தப் படிகம்?” நான் ஒத்திகை பார்த்த சொல் எதுவும் நாவில் வரவில்லை. “படிகம் இல்லை சார். வெறும் பிடி” என்றேன். “விளையாடாதீங்க.” “நீங்களே அளந்து பாருங்கள் என்று சொல்லியிருப்பேன், துடைத்துவிட்டேன். பூசைப் பொட்டு சார். இரண்டு ஊசிக்கும் நடுவில்.” பஞ்சுகளைக் காட்டினேன். மஞ்சளாகிப்போன அவற்றை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தாயாரின் சந்தனக்கல் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். அந்த ஒரு கணம் நான் அவருக்காக வருந்தினேன். பிறகு அவர் ஹசீனாவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “யாருக்கு டீச்சர் தெரியப்போகுது?” “நம் மூவருக்கும் தெரிந்துவிட்டதே சார்.” துடிப்புகளின் மீதியைக் காட்டினேன், படிகத்துக்குப் படிகம். “இதையா? இதை எவன் போடுவான்? இதுக்கா மூணு வருஷம்?” என்றார். “சிறியதுதான். ஆனால் படிகத்தினுடையது.” “உங்க லீவு முடியுது, தெரியும்ல? இது போகலேன்னா தீசிஸ் கிடையாது. திரும்பிப் போய் ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்கு ஓம் விதி நடத்திக்கிட்டு இருப்பீங்க.” “நடத்துவேன் சார். ஓம் விதியில் ஒரு பழுதும் இல்லை.” ஹசீனாவின் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு எழுந்து இருமலாக மாறியது. அவர் முகம் சிவந்தது. “உங்க பேரை எடுத்துட்டு நானே அனுப்பிடுவேன்.” “எடுத்துவிடுங்கள். வெறும் பிடியின் கண்ணியையும் சேர்த்தே அனுப்புங்கள். அந்தக் கண்ணியை நீங்கள் அனுப்பாவிட்டால் நான் அனுப்புவேன், என் பெயரைப் போட்டு.” குரல் நடுங்கியது, நன்றாகவே நடுங்கியது, சொல் நடுங்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அடுத்த கணினியின் முன் அமர்ந்து கட்டுரையைத் திறந்தார். முதல் வரியில் என் பெயர். அதன் முடிவில் குறிமுள் விட்டுவிட்டு ஒளிர்ந்தது. அவர் விரல் அழிப்பு விசைமேல் நின்றது. அழுத்தவும் இல்லை, எழவும் இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு இன்னொரு வேலை மீதமிருந்தது. படிகத்தைச் சூடேற்ற வேண்டும். கசிவாக இருந்தால் சூடு ஏற ஏற அது பெருகும். மூலக்கூறுகள் உண்மையாகவே அணிவகுத்து நின்றிருந்தால், ஒரு வெப்பநிலையைத் தாண்டியதும் அவை திசை குலைந்து கலைந்துபோகும், மீதி அற்றுப்போகும். அப்படி அற்றுப்போனால்தான் அது அங்கே இருந்தது என்று நான் நிலைநாட்ட முடியும். உலையின் மூடியை இறக்கினேன், வெப்பத்தை மெல்ல ஏற்றினேன். எனக்குக் கிடைத்த அந்தத் துளியை நானே அழிக்கக் காத்திருந்தேன், கையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று. எனக்குப் பின்னால் விசைப்பலகை ஒலித்ததா இல்லையா என்று நான் காது கொடுக்கவில்லை.